ஓட்டுக்கடியில் தூங்கும் ஆந்தைகள்

என்னிடம் ஒரு மான் இருக்கிறது. ஒரு ரூபாய் நாணயம் அளவுதான், மூன்று கிராம் சொச்சம் எடை. ஒரு பக்கம் கூர்முனைக் கிரீடம் அணிந்த ரோமப் பேரரசர் கல்லியேனஸ். மறுபக்கம் நடந்தபடியே தலையைத் திருப்பிப் பார்க்கும் மான். ஐரோப்பாவில் வேலை பார்த்த நாட்களில், நள்ளிரவில் ஒரு ரிலீஸ் முடியக் காத்திருந்த நேரத்தில், இணைய ஏலம் ஒன்றில் 40 யூரோ கொடுத்து வாங்கினேன். வந்து சேர்ந்த அன்று பெருமை தாங்கவில்லை. 1,750 வருடப் பழசு உள்ளங்கையில் இருக்கிறது, பக்கத்தில் காபி இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

ஒரு வாரம் கழித்துத்தான் விற்றவருக்கு மெயில் போட்டேன். இது எங்கே கிடைத்தது? ஒரே வரியில் பதில் வந்தது: பழைய ஐரோப்பிய சேகரிப்பு. எந்த நாடு, யாருடைய சேகரிப்பு, எவ்வளவு பழசு, ஒன்றும் இல்லை. மறுபடி கேட்டேன். பதிலே இல்லை.

பண்டைய கிரேக்க, ரோம நாணயங்களை விலங்குகளுக்காகச் சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆந்தை, ஆமை, தேனீ, யானை, ஓநாய் என்று ஆல்பம் நிரப்புகிறார்கள். வன்முறை இல்லாத, படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று பெயர். அந்தப் பெயர் பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத நாணயத்தை வாங்குகிறவர் வரலாற்றைக் காப்பாற்றவில்லை, வரலாற்றைக் கிழிப்பவனுக்குக் கூலி கொடுக்கிறார். நானும் 40 யூரோ கொடுத்திருக்கிறேன். அதனால் இது மேலிருந்து சொல்லும் உபதேசம் இல்லை.

*

முதலில் அந்த விலங்குகளைப் பார்ப்போம். ஏனென்றால் தவறு அங்கேயே தொடங்குகிறது.

கிரேக்க நகரங்கள் நாணயத்தில் விலங்கைப் பொறித்தது அழகுக்காக மட்டும் இல்லை. அது ஊரின் கையெழுத்து. ஃபோகாயா நகரம் சீல் என்ற கடல் விலங்கைப் போட்டது. கிரேக்கத்தில் சீலுக்குப் பெயர் 'ஃபோகே'. ஊர்ப் பெயரையே படமாக எழுதிவிட்டார்கள். எஃபெசஸ் தேனீயைப் போட்டது. கொரிந்த் சிறகு முளைத்த பெகாசஸ் குதிரையைப் போட, சனங்கள் அந்தக் காசையே 'குட்டிக்குதிரை' என்று கூப்பிட்டார்கள். மர்மரா கடலோரத்தில் இருந்த சிசிகஸ் நகரத்தின் கதை இன்னும் சுவாரசியம். அதன் எலக்ட்ரம் காசுகளில் சிங்கம் வரும், ஸ்பிங்க்ஸ் வரும், வீரன் வருவான்; படம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் எங்காவது ஒரு ஓரத்தில் ஒரு சூரை மீன் கட்டாயம் இருக்கும். அந்தக் கடல்வழியாகக் கூட்டம் கூட்டமாகப் போகும் சூரைதான் அந்த ஊருக்குச் சோறு போட்டது. மற்றதெல்லாம் படம், சூரைதான் முத்திரை.

ஏஜினா தீவின் ஆமை இன்னும் அரசியல் பேசும். தொடக்கத்தில் அது கடலாமை. ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏதென்ஸிடம் தீவு பணிந்த பிறகு, ஏதோ ஒரு கட்டத்தில் நிலத்தாமையாக மாறிவிடுகிறது. கடலில் அதிகாரம் போனதால் ஆமையும் கரையேறிவிட்டது என்று சிலர் விளக்குவார்கள். அந்த விளக்கம் சரியா தவறா என்பது வேறு விஷயம். ஆமை வெறும் ஆமை இல்லை என்பதுதான் இங்கே முக்கியம்.

இப்போது என் மானுக்கு வருகிறேன். கல்லியேனஸ் ஆட்சியின் கடைசியில், 267-268 வாக்கில், ரோம் நாணயச்சாலையில் அடித்த வரிசை அது. மான், மறிமான், சிறுத்தை, கிரிஃபின், சென்டார், கடற்குதிரை எல்லாம் அதில் உண்டு. சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஜூ சீரிஸ்'. மிருகக்காட்சிசாலை வரிசை!

நாணயத்தைச் சுற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். பேரரசரைக் காக்கும் டயானாவுக்கு என்று எழுதியிருக்கிறது. மற்றவற்றில் அப்போலோ, நெப்டியூன், சூரியன், ஜூபிடர். ஒவ்வொரு விலங்கும் ஒரு தெய்வத்துக்குரியது. கல்லியேனஸின் அப்பா வலேரியனை 260-இல் பாரசீக மன்னன் ஷாபூர் உயிரோடு சிறைப்பிடித்தான். ரோமப் பேரரசர் ஒருவர் எதிரியின் கையில் சிக்கியது அதுவரை நடந்திராத அவமானம். மேற்கே கால் பகுதி தனி ராஜ்ஜியமாகப் பிரிந்துகொண்டது. கிழக்கே பல்மைரா தன் கையை ஓங்கிக்கொண்டிருந்தது. பல வருடங்களாகக் கொள்ளைநோய். காசில் வெள்ளி சில சதவீதம்தான் மிச்சம், மற்றது செம்பு. அந்த நிலையில் ஒரு ராஜ்ஜியம் தனக்குத் தெரிந்த எல்லா சாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அந்த அழைப்பைத்தான் நாம் ஜூ என்கிறோம். 268-இல் மிலான் அருகே கல்லியேனஸைச் சொந்த அதிகாரிகளே கொன்றார்கள். சாமிகள் வரவில்லை.

விலங்கைத் தனியாகப் பிய்த்து எடுக்கும் கண்ணுக்கு இதெல்லாம் தேவையில்லை. மான் அழகாக இருக்கிறதா, மூக்கு தேயாமல் இருக்கிறதா, பச்சைக் களிம்பு சீராக இருக்கிறதா, அவ்வளவுதான். படம் மட்டும் போதும் என்று ஆனபிறகு, அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்? 'விலங்கு நாணயம்' என்ற தலைப்பே கேள்வி கேட்காமல் வாங்குவதற்கான அனுமதிச்சீட்டு ஆகிவிடுகிறது.

*

புளூட்டார்க் சொல்லும் கதை ஒன்று உண்டு. நாணயம் சேர்க்கும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் பாதிதான் சொல்வார்கள்.

404-இல் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் வீழ்ந்தது. கையில் கிடைத்த பணத்தை மூட்டை கட்டி, ஸ்பார்ட்டாவுக்குக் கொண்டுபோகச் சொல்லி கிலிப்பஸ் என்ற தளபதியிடம் கொடுத்தான் லைசாண்டர். சிசிலியில் ஏதென்ஸ் படையைத் தோற்கடித்த பெரிய வீரன் இந்த கிலிப்பஸ். வழியில் மூட்டைகளின் அடிப்பக்கத் தையலைப் பிரித்தான். ஒவ்வொன்றிலிருந்தும் நிறைய வெள்ளியை எடுத்துக்கொண்டு மறுபடி தைத்துவிட்டான். மேலே முத்திரை அப்படியே இருந்தது. எடுத்ததைத் தன் வீட்டுக் கூரை ஓடுகளுக்கடியில் ஒளித்தான். பிறகு மூட்டைகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்து, முத்திரையைப் பாருங்கள், உடையவே இல்லை என்றான்.

எண்ணிப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. குழப்பத்தில் இருந்த அதிகாரிகளிடம் கிலிப்பஸின் வேலைக்காரன் விடுகதை போலச் சொன்னான், ஓடுகளுக்கடியில் நிறைய ஆந்தைகள் தூங்குகின்றன என்று. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த காசு பெரும்பாலும் ஏதென்ஸின் ஆந்தைக் காசு. கிலிப்பஸ் ஊரைவிட்டு ஓடினான்.

சேகரிப்பாளர்கள் இந்த ஆந்தை ஜோக்கைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஏதென்ஸ் நாணயத்தை அந்தக் காலத்திலேயே ஆந்தை என்றுதான் அழைத்தார்கள் என்பதற்கு ஆதாரமாக ஏலப் பட்டியலில் எழுதுவார்கள். ஆனால் கணக்கு எப்படி இடித்தது? ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் எவ்வளவு பணம் இருக்கிறது என்று எழுதிய ஒரு சீட்டு இருந்தது. கிலிப்பஸுக்கு அது தெரியாது. அந்தச் சீட்டு இல்லையென்றால் முத்திரை நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டிருப்பார்கள். ஆந்தைகள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும்.

இன்றைய நாணயச் சந்தை கிலிப்பஸைவிடப் புத்திசாலி. அது முதலில் சீட்டைக் கிழித்துவிடுகிறது.

*

சீட்டு என்று நான் சொல்வது எது என்று புரிய இரண்டு புதையல்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டுமே மெட்டல் டிடெக்டரால் கிடைத்தவை.

1984-இல் துருக்கியின் எல்மாலி ஊருக்கு அருகே சிலர் சட்டத்துக்குப் புறம்பாகத் தோண்டி, சுமார் 1,900 வெள்ளிக் காசுகளை எடுத்தார்கள். பின்னாளில் 'நூற்றாண்டின் புதையல்' என்று பெயர் பெற்றது இதுதான். அதில் ஏதென்ஸின் பத்து திராக்மா நாணயங்கள் 14 இருந்தன. 43 கிராம் எடை, சிறகை அகல விரித்து நேராக நம்மைப் பார்க்கும் ஆந்தை. அதற்கு முன் உலகம் முழுக்க ஒரு டஜன் சொச்சம்தான் தெரிந்திருந்தது. காசுகள் மியூனிக் வழியாகக் கைமாறின. பெரும்பகுதியை அமெரிக்கக் கோடீஸ்வரர் வில்லியம் கோக்கின் கூட்டமைப்பு வாங்கியது. 1989-இல் துருக்கி வழக்குப் போட்டது. பத்து வருட இழுபறிக்குப் பிறகு 1999-இல் 1,600-க்கும் மேற்பட்ட காசுகள் திரும்பின.

காசுகள் திரும்பின, தகவல் திரும்பவில்லை. எந்தக் காசு எதன் மேல் இருந்தது? பக்கத்தில் வேறென்ன புதைந்திருந்தது? நம் கைக்கு வந்த எல்லாமே அந்தக் குழியிலிருந்துதான் வந்ததா, வழியில் யாராவது வேறு காசைக் கலந்தார்களா? அந்த ஆந்தைகள் எந்த வருடம் அடிக்கப்பட்டவை என்ற விவாதத்தில் இந்தப் புதையல் முக்கியமான சான்று. அந்தச் சான்றின் முதல் பக்கத்தை எழுதியிருக்க வேண்டியவர்கள் இருட்டில் தோண்டியவர்கள். அவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை.

இன்னொன்று 2010, இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் ஃப்ரூம் ஊருக்கு அருகே. டிடெக்டர் வைத்துத் தேடியவர் ஒரு மருத்துவமனைச் சமையல்காரர். கீழே பெரிய பானை ஒன்று தட்டுப்பட்டது. அவர் செய்த மகத்தான காரியம், தோண்டுவதை நிறுத்தியது. தொல்லியலாளர்களைக் கூப்பிட்டார். அவர்கள் பானைக்குள்ளிருந்து காசுகளை அடுக்கடுக்காகப் பிரித்து எடுத்தார்கள். மொத்தம் 52,503 காசுகள், 160 கிலோ. கல்லியேனஸ் காலத்துக் காசுகளும் அதில் உண்டு.

அடுக்கு முறையில் எடுத்ததால் ஒன்று தெரிந்தது. இருப்பதிலேயே பிந்தைய காலத்துக் காசுகள் கராசியஸ் என்ற ஆட்சியாளருடையவை. ஒருவர் வருடக்கணக்காக உண்டியல் போலச் சேர்த்திருந்தால் அவை மேலே இருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலானவை பானையின் பாதிக்கும் கீழே கிடந்தன. அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்டியிருக்கிறார்கள். பானையோ மெல்லியது, இவ்வளவு எடையோடு தூக்கிவர முடியாது. முதலில் பானையைப் புதைத்து, பிறகு காசைக் கொட்டியிருக்க வேண்டும். பயந்து ஒளித்த சேமிப்பாக இல்லாமல், ஒரு ஊரே சேர்ந்து தெய்வத்துக்குச் செலுத்திய காணிக்கையாக இருக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. அந்தச் சமையல்காரர் ஆர்வத்தில் கையை விட்டு அள்ளியிருந்தால் 52,503 காசும் இருந்திருக்கும், இந்த ஒரு எண்ணம் மட்டும் இருந்திருக்காது. அவருக்கு நஷ்டமும் இல்லை. அருங்காட்சியகம் 3,20,250 பவுண்டு கொடுத்துப் புதையலை வாங்கியது. அவரும் நிலத்துக்காரரும் பகிர்ந்துகொண்டார்கள்.

என் தொழிலில் ஒரு உதாரணம் சொல்லலாம். சர்வர் விழுந்த இரவில் லாக் ஃபைலைத் திறக்கிறீர்கள். யாரோ நேரம், இடம் எல்லா நெடுவரிசையையும் அழித்துவிட்டு 'எரர்' என்ற சொல்லை மட்டும் ஆயிரம் தடவை விட்டுவைத்திருக்கிறார். ஒரு வரியும் பொய்யில்லை. ஒரு வரியாலும் உபயோகமில்லை. இடம் தெரியாத நாணயம் அந்த மாதிரி வரி.

*

இனி வழக்கமான பதில்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

'லட்சக்கணக்கில் அடித்த காசு சார் இது, சிலையா கோயிலா?' இதுதான் அதிகம் கேட்ட வாதம். லட்சக்கணக்கில் அடித்ததால்தான் இடம் முக்கியம். ஒரே மாதிரி பத்தாயிரம் காசு இருக்கும்போது ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரிப்பது அது கிடந்த இடம் மட்டும்தான். நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமத் தங்கக் காசுகள் மொத்தமாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே ஒரு வெட்டு. அதே காசு ஒன்று தனியாக ஏலத்துக்கு வந்திருந்தால் 'வெட்டுக்காயம், மற்றபடி நல்ல நிலை' என்று எழுதி விலையைக் குறைத்திருப்பார்கள். ஒரே பானையில் நூற்றுக்கணக்கில் கிடைத்ததால் அது சேதாரமாக இல்லாமல் கேள்வியாக மாறியது: கடல் கடந்து வந்த தங்கத்தின் முகத்தை இங்கே யார், எதற்கு வெட்டினார்கள்?

'சேகரிப்பாளர்கள் இல்லாவிட்டால் நாணயவியலே இல்லை.' பாதி உண்மை, அந்தப் பாதியை மறைக்க மாட்டேன். கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக் காசுகளைப் பற்றி நூல் எழுதிய இரா. கிருஷ்ணமூர்த்தி சேகரிப்பாளர்தான். ஆனால் அந்த நூலின் பெயரிலேயே ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. காசோடு ஊரையும் சேர்த்து வைத்துக்கொண்டவருக்கும், ஊரை உதறிவிட்டுக் காசை வைத்துக்கொள்பவருக்கும் ஒரே பட்டம் கொடுக்க முடியாது.

'அனுபவசாலியின் கண்ணுக்கு எல்லாம் தெரியும்.' 2012 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு நாணயக் கண்காட்சியில் ஒருவர் கைதானார். கை அறுவை மருத்துவர், பெரிய சேகரிப்பாளர், அமெரிக்க நாணயவியல் கழகத்தின் முன்னாள் பொருளாளர். சிசிலியில் சமீபத்தில் தோண்டியெடுத்துக் கடத்தியவை என்று நம்பியே சில நாணயங்களை விற்க வந்திருந்தார். அவற்றில் ஒன்று அக்ரகாஸ் நகரத்தின் பத்து திராக்மா. முயலைக் கிழிக்கும் இரண்டு கழுகுகள், விலங்கு நாணயங்களின் உச்சம் என்று சொல்லலாம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் எல்லாமே போலி. திருட்டுப் பொருள் என்று நம்பியது குற்றம், அது திருட்டுப் பொருளாகக்கூட இல்லை என்பது நகைச்சுவை. அபராதம், சமூக சேவை இவற்றோடு, இடம் தெரியாத நாணயங்களால் வரும் பிரச்சினை பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பதும் தண்டனையில் ஒரு பகுதி. இடம் எழுதாத சந்தையில் கொள்ளையும் போலியும் ஒரே தட்டில்தான் வரும். எவ்வளவு பெரிய கண்ணாக இருந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

'அருங்காட்சியகம் டிராயரில் பூட்டி வைக்கும், நாங்கள் நேசிக்கிறோம்.' பத்திருபது வருடம் முன்பு இது நியாயமான புகார். இன்று ரோமப் பேரரசு நாணயங்களின் வகைகள் முழுக்க இலவசமாக இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் நிலையான இணைய முகவரி, படம், எடை, தெரிந்தால் கிடைத்த இடத்தின் வரைபடம். என் மானின் கூட்டாளிகளை அங்கே ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேசிப்பதற்குச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

'நான் வாங்காவிட்டால் இன்னொருவன் வாங்குவான்.' இதற்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இந்தப் பதில்களையெல்லாம் சொல்லும் கூட்டத்துக்கு ஒரு அமைப்பும் உண்டு. 2009-இல் அமெரிக்காவின் பண்டைய நாணயச் சேகரிப்பாளர் சங்கம், சைப்ரஸ், சீன நாணயங்கள் சிலவற்றை லண்டனிலிருந்து பால்டிமோருக்கு வேண்டுமென்றே வரவழைத்தது. எங்கே கிடைத்தவை என்ற விவரம் இல்லாமல். சுங்கத்துறை பிடிக்கட்டும், வழக்காடி இறக்குமதிக் கட்டுப்பாட்டையே உடைக்கலாம் என்பது திட்டம். 2012-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். எங்கே கிடைத்தது என்று எழுதிக்கொடு என்பதுதான் அவர்களிடம் கேட்கப்பட்டது. அதை எதிர்த்து வருடக்கணக்கில் வழக்காடும் அளவுக்கு ஒரு சீட்டு கனக்கிறது என்றால், யோசித்துக்கொள்ளுங்கள்.

*

சேகரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1997-லிருந்து சாதாரண மக்கள் கண்டெடுப்பவற்றைப் பதிவுசெய்யும் திட்டம் நடக்கிறது. பதினைந்து லட்சத்துக்கு மேல் பொருட்கள் பதிவாகிவிட்டன. அப்படிப் பதிவான, சட்டப்படி விற்பனைக்கு வந்த நாணயங்கள் சந்தையில் உண்டு. பல தலைமுறைக்கு முன்பே அச்சிட்ட பட்டியலில் வந்தவையும் உண்டு. விலை கூடுதலாக இருக்கும், எண்ணிக்கை குறைவாக இருக்கும். இருக்கட்டும். மூன்று வருடத்துக்கு ஒரு காசு வாங்கினால் போதாதா? ஆல்பம் நிரம்பவில்லை என்றால் யாருக்கு நஷ்டம்?

வாங்குமுன் ஒரே கேள்வி: எங்கே கிடைத்தது, எழுதித் தர முடியுமா? 'பழைய சேகரிப்பு' என்று பதில் வந்தால் தாவலை மூடிவிடுங்கள். நம்மைப் போன்ற நாற்பது யூரோக்காரர்கள்தான் இந்தச் சந்தையின் அடித்தளம். கோடீஸ்வரருக்குப் பத்து திராக்மா ஆந்தை கிடைக்கும்வரை தோண்டுகிறவன் சும்மா இருப்பதில்லை. இடையில் கிடைக்கும் மானையும் ஓநாயையும் நமக்கு விற்றுத்தான் பேட்டரி வாங்குகிறான்.

என் மானை என்ன செய்வது என்று ரொம்ப நாள் யோசித்தேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால் யாரிடம்? பல்கேரியாவா, செர்பியாவா, இங்கிலாந்தா, சிரியாவா? ரோமில் அடித்தது என்று மட்டும் தெரியும், எங்கே புதைந்திருந்தது என்று தெரியாது. விற்கவும் மனமில்லை, விற்றால் நானும் ஒரு 'பழைய சேகரிப்பு' ஆகிவிடுவேன். கடைசியில் ஒரு சீட்டு எழுதி அதன் உறைக்குள் போட்டேன். வாங்கிய தேதி, விலை, விற்றவர் பெயர், நான் கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதில். 'கிடைத்த இடம்' என்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை.

அந்த இடத்தை நிரப்பக்கூடிய ஒருவன் இருந்தான். மண்ணிலிருந்து மானை வெளியே எடுத்தபோது அவனுக்கு எந்த வயல், எந்த மேடு, பக்கத்தில் என்ன கிடந்தது என்று எல்லாம் தெரியும். எழுதிவைக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அவன் எழுதவில்லை, ஏனென்றால் நான் கேட்காமலே வாங்குவேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.